இரண்டு ஆட்டம், ஒரே நாட்காட்டி: எல்லிஸ் பெர்ரியின் முன் இருந்த வழிகள்

2010ஆம் ஆண்டு மே 16 அன்று பார்படோசின் பிரிட்ஜ்டவுன் நகரில் நடந்த மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டன. நான்கு கிடைத்தாலும் ஆட்டம் சமனாகியிருக்கும். பந்து வீசியவர் பத்தொன்பது வயதான எல்லிஸ் பெர்ரி. எதிரில் நின்ற சோஃபி டிவைன், பந்தை நேராகப் பந்துவீச்சாளரை ஒட்டியே பலமாக அறைந்தார். குனிந்து கையால் தடுக்க நேரமில்லை. ஓடிவந்த வேகம் இன்னும் அடங்காத நிலையில் பெர்ரி காலை நீட்டினார். பந்து காலணியில் பட்டுத் திசை மாறி, மிட்-ஆனில் நின்ற லிசா ஸ்தலேகரிடம் போய்ச் சேர்ந்தது. ஓர் ஓட்டம்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியா 106, நியூசிலாந்து 103.

அந்தக் கால் பழகிய கால். பெர்ரி அப்போதே ஆஸ்திரேலியத் தேசியக் கால்பந்து அணிக்கும் ஆடிக்கொண்டிருந்தார். இதை வைத்து, ஓர் ஆட்டம் இன்னோர் ஆட்டத்துக்கு உதவும் என்று எழுதுவது எளிது; பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு பந்தை வைத்து ஒரு வாழ்க்கை முடிவை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அன்று அந்த மைதானத்தில் இருந்த வேறொரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பந்தை அடித்த டிவைன் நியூசிலாந்துக்காக ஹாக்கி ஆடியவர். அவருடைய அணித்தோழி சூசி பேட்ஸ், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக் கூடைப்பந்து அணியில் ஆடியவர். ஆக, இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடிய மூன்று பெண்கள் ஒரே மைதானத்தில் இருந்தார்கள். மூவருமே கடைசியில் கிரிக்கெட்டுக்கு வந்து நின்றார்கள்.

இரண்டு ஆட்டங்களில் உயர்ந்த நிலைக்குப் போகும் திறன் வாய்த்த ஒரு பெண்ணுக்கு முன்னால் உள்ள வழிகள் என்ன, அவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதை இந்தக் கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வழிகள் மொத்தம் நான்கு என்று கொள்ளலாம்: சிறு வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்வது; ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போய், வேண்டுமானால் திரும்பி வருவது; இரண்டையும் கடைசிவரை விடாதிருப்பது; இரண்டையும் இயன்ற மட்டும் சுமந்துவிட்டு, இனி முடியாது என்ற இடத்தில் ஒன்றை இறக்கி வைப்பது. இவற்றில் கடைசி வழியே பெர்ரியுடையது. அவருடைய கதையே விரிவானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

1990 நவம்பர் 3 அன்று சிட்னியில் பிறந்த பெர்ரி, 2007 ஜூலை 22 அன்று டார்வினில் நியூசிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய அணிக்காகக் களமிறங்கினார். வயது பதினாறு ஆண்டு எட்டு மாதம். அதற்கு முன் எந்த ஆஸ்திரேலியரும் அவ்வளவு சிறிய வயதில் நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடியதில்லை. மாநில முதுநிலை அணிக்குக்கூட அவர் அதுவரை ஆடியிருக்கவில்லை. பதின்மூன்று நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, ஹாங்காங்குக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தேசியக் கால்பந்து அணியின் சட்டை அவர் மேல் ஏறியது. தற்காப்பு வரிசையில் ஆடும் அவர், ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். பள்ளிச் சீருடையைக் கழற்றாத ஒரு பெண், இரண்டு வாரத்துக்குள் இரண்டு நாட்டுச் சட்டைகளை அணிந்துவிட்டாள்.

அடுத்த நான்காண்டுகள் இந்த இரட்டை வாழ்க்கை ஓரளவு சுமுகமாகவே நடந்தது. 2009இல் கிரிக்கெட் உலகக் கோப்பை, 2010இல் மேலே சொன்ன இறுதி ஆட்டம், 2011இல் ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை. அந்த உலகக் கோப்பையின் காலிறுதி ஆக்ஸ்பர்கில் ஸ்வீடனுக்கு எதிராக நடந்தது. ஆஸ்திரேலியா இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து பெர்ரி இடது காலால் வளைத்து அடித்த பந்து கோல்கம்பத்தின் மேல் மூலையில் போய் விழுந்தது. ஆட்டம் 1-3 என்று தோல்வியில் முடிந்தாலும், கிரிக்கெட், கால்பந்து ஆகிய இரண்டின் உலகக் கோப்பைகளிலும் ஆடிய முதல் ஆஸ்திரேலியர் என்ற இடம் அவருக்கு உறுதியானது. தேசியக் கால்பந்து அணிக்காக மொத்தம் 18 ஆட்டங்கள், 3 கோல்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அந்த மூன்றில் ஒன்று உலகக் கோப்பைக் காலிறுதியில் அடித்தது.

இடைஞ்சல் தேசிய அணிகளால் வரவில்லை, உள்ளூரிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். கால்பந்து மரபாகக் குளிர்கால ஆட்டம். பெர்ரி சிறுமியாக இருந்தவரை இந்தப் பிரிவினை அவருக்குத் துணையாகவே இருந்தது. ஆனால் 2008இல் தொடங்கிய தேசிய மகளிர் கால்பந்து லீக் கோடையில் நடத்தப்பட்டது. மாநிலங்களுக்கிடையிலான மகளிர் கிரிக்கெட் போட்டிகளும் கோடையில்தான். ஒரே வார இறுதியில் இரண்டு அணிகள் அவரை எதிர்பார்க்கும் நிலை இப்படித்தான் பிறந்தது. திறமையோ உடலோ போதாமல் இந்தச் சிக்கல் எழவில்லை. யாரோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து போட்டி அட்டவணை போட்டதால் எழுந்தது. இரட்டை ஆட்டம் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை.

2012இல் அவர் ஆடிவந்த கேன்பெரா யுனைடெட் கழகம், கால்பந்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று கேட்டது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் அவர் முன் மூன்று கதவுகள் இருந்தன. கழகத்தின் சொல்லை ஏற்று கிரிக்கெட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளலாம். கால்பந்தை அப்படியே விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போகலாம். அல்லது கழகத்தை மாற்றலாம். அவர் மூன்றாவதைச் செய்தார். சிட்னி எஃப்சி கழகம் அவருடைய கிரிக்கெட் நாட்களுக்கு இடம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே 2016 வரை ஆடினார்.

கேன்பெரா கழகத்தைக் குறை சொல்வது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தற்காப்பு வரிசை என்பது நான்கு பேர் ஒரே மூச்சில் முன்னும் பின்னும் நகர வேண்டிய வேலை. எதிரணி முன்கள வீராங்கனையை ஆஃப்சைடு என்ற விதிமீறலில் சிக்கவைக்க நால்வரும் ஒரே நொடியில் ஓரடி முன்னே வர வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்ற மூவரின் உழைப்பும் வீண். பயிற்சிக்கு ஒருவர் வாரந்தோறும் வந்தும் வராமலும் இருந்தால் அந்த இசைவு கூடாது. மற்றவர்கள் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஆட்டத்துக்கு வந்திருக்கும்போது, ஒருத்திக்கு மட்டும் விலக்கு ஏன் என்ற கேள்வியும் நியாயமானதே. அணி ஆட்டத்தில் வராமல் போவதன் விலையை வராதவர் தனியாகக் கொடுப்பதில்லை. இரட்டை ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் பக்கத்துச் செலவில் எழுதுவதே இல்லை என்பது என் வருத்தம்.

அப்படியிருந்தும் பெர்ரி எடுத்த முடிவே சரி என்று கருதுகிறேன். காரணம், 2012இல் அவரிடம் இருந்த தகவல் ஒரு நிரந்தர முடிவுக்குப் போதாது. அன்று மகளிர் கிரிக்கெட்டும் மகளிர் கால்பந்தும் ஒருவர் முழுநேரமாகப் பிழைக்கும் அளவுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. எது முன்னேறும் என்று சொல்லவும் ஆளில்லை. 2015 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கால்பந்து வீராங்கனைகள் ஊதியப் பிரச்சினையால் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தையே மறுத்தார்கள். அப்போது அவர்களுடைய ஆண்டு ஒப்பந்தத் தொகை சுமார் 21,000 ஆஸ்திரேலிய டாலர். அதே 2015இன் இறுதியில் மகளிர் பிக் பேஷ் லீக் என்ற ஆஸ்திரேலிய இருபது ஓவர் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. 2017இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கிரிக்கெட் வீராங்கனைகளுக்கான மொத்தத் தொகை 75 லட்சம் டாலரிலிருந்து 5.52 கோடி டாலராக உயர்ந்தது. ஐந்தாண்டு பொறுத்தவருக்குத் தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவசரப்பட்டிருந்தால் இருட்டில் கை நீட்டியதாகவே இருந்திருக்கும்.

கால்பந்தும் பிறகு எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்ன் மைதானத்தில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியைப் பார்க்க 86,174 பேர் வந்தார்கள். 2023இல் சிட்னியில் கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 75,784 பேர் வந்தார்கள். இரண்டில் எதைப் பிடித்திருந்தாலும் அவர் பட்டினி கிடந்திருக்க மாட்டார். ஆனால் எது முதலில் எழும் என்பதுதான் ஒரு வீராங்கனைக்கு முக்கியம். அவருடைய நல்ல ஆண்டுகள் சந்தைக்காகக் காத்திருப்பதில்லை.

உடலைப் பற்றிய கேள்வியே இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம். வேகப்பந்து வீசுபவரின் முன்கால் ஒவ்வொரு பந்துக்கும் உடல் எடையின் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. கால்பந்தில் ஓட்டமும் திடீர்த் திருப்பங்களும் அதே கணுக்காலையும் முழங்காலையும்தான் தேய்க்கின்றன. 2013 பிப்ரவரி 17 அன்று மும்பை பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியில் பெர்ரி கணுக்கால் காயத்தோடுதான் இறங்கினார். முதல் பந்து வீசும் முன் ஓடிவந்து நின்றுவிட்டு, மறுபடி அளவெடுத்து ஓடிவந்ததைப் பார்த்தவர்கள் அவர் பத்து ஓவர் முடிப்பார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பத்து ஓவரில் 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 114 ஓட்டங்களில் வென்றது. வீரம் என்று கைதட்டலாம். அந்தக் கணுக்காலை இரண்டு ஆட்டங்களுக்கு இடையே பங்கு போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் மறக்கலாகாது.

இருப்பினும் ஓர் ஆட்டத்தை விட்டால் உடல் பத்திரமாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. கால்பந்தை நிறுத்தி நான்காண்டுகள் ஆன பின், 2020 உலகக் கோப்பையின் லீக் ஆட்டம் ஒன்றில் தொடைப் பின்தசை கிழிந்து, 86,174 பேர் பார்த்த அந்த இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியாமல் போனது. காயம் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

கால்பந்தை இறக்கி வைத்த பிறகு கிரிக்கெட்டில் அவர் என்ன ஆனார் என்பதுதான் ஒப்பீட்டின் மறுபக்கம். தொடக்கத்தில் பின்வரிசையில் மட்டை பிடித்த வேகப்பந்து வீச்சாளர், படிப்படியாக மேலேறி, அணியின் முதன்மை மட்டையாளர்களுள் ஒருவரானார். 2017 நவம்பரில் வடக்கு சிட்னி ஓவலில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213 ஓட்டங்கள் எடுத்தார். பன்னாட்டு ஆட்டத்தில் அவருடைய முதல் சதமே இரட்டைச் சதமாக வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. இருநூறைத் தொட்டுவிட்டதாக எண்ணி மட்டையை உயர்த்திக் கொண்டாடிய பின், அந்த அடி ஆறு அல்ல, நான்குதான் என்று நடுவர்கள் திருத்தினார்கள். சற்று வெட்கச் சிரிப்போடு நின்றவர், உடனே மற்றொரு பவுண்டரி அடித்து மறுபடி கொண்டாட வேண்டியதாயிற்று. 2019இல் கேன்டர்பரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஒருநாள் ஆட்டத்தில் 22 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். பத்தாண்டின் சிறந்த வீராங்கனை என்று பன்னாட்டுக் கிரிக்கெட் கவுன்சில் 2020 டிசம்பரில் அவரை அறிவித்தது. நம் பக்கத்து ரசிகர்கள் அவரை மகளிர் பிரீமியர் லீகில் பெங்களூரு அணியின் சிவப்புச் சட்டையில்தான் அதிகம் அறிவார்கள்: 2024இல் சின்னசாமி மைதானத்தில் அவர் அடித்த ஆறு ஒன்று, காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைக்க, உடைந்த துண்டுகளைச் சட்டமிட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு கோப்பையும் அந்த அணிக்கே வந்தது.

இதையெல்லாம் பார்த்து, முன்பே கால்பந்தை விட்டிருந்தால் இந்தச் சாதனைகள் ஐந்தாண்டு முன்னதாக வந்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மட்டையாளராக அவர் முதிர்ந்தது, கால்பந்து அவருடைய நாட்களில் குறைந்துவந்த காலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் இருபது வயதுக்கும் இருபத்தேழு வயதுக்கும் இடையே எந்த மட்டையாளரும் முதிர்வது இயல்பு. அதில் கால்பந்தின் குறைவுக்கு எத்தனை பங்கு, வயதுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லும் தராசு யாரிடமும் இல்லை.

இனி மற்ற வழிகள். சிறு வயதிலேயே ஒன்றைத் தேர்வது என்பதற்கு ஆஷ்லி பார்ட்டியின் முதல் பாதி நல்ல சான்று. குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச்சில் 1996இல் பிறந்தவர், நான்கைந்து வயதிலேயே டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். பதினைந்து வயதில், 2011இல், விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 2013இல் கேசி டெலாக்வாவுடன் சேர்ந்து ஒரே ஆண்டில் மூன்று கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் இறுதிகளுக்குப் போனார். காகிதத்தில் இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. ஆனால் டென்னிஸின் நாட்காட்டி ஒரு பெண்ணை ஜனவரியிலிருந்து நவம்பர்வரை கண்டம் கண்டமாக இழுத்துச் செல்லும். பதின்வயதில், ஓர் ஆண்டில் அவர் வீட்டில் இருந்தது வெறும் 27 நாட்கள். 2014 அமெரிக்க ஓப்பனுக்குப் பிறகு, பதினெட்டு வயதில், மட்டையைக் கீழே வைத்தார்.

இங்கே ஆரம்பிப்பதுதான் இரண்டாவது வழி. முறையாகக் கிரிக்கெட் ஆடியே இராத பார்ட்டி, பிரிஸ்பேன் ஹீட் அணியின் வலைப்பயிற்சிக்குப் போய், உள்ளூர்க் கழகமொன்றிலும் ஆடி, 2015 டிசம்பரில் மகளிர் பிக் பேஷ் லீகின் முதல் பருவத்திலேயே அணியில் இடம்பிடித்தார். முதல் ஆட்டத்தில் மெல்போர்ன் ஸ்டார்ஸ் அணிக்கெதிராக 27 பந்துகளில் 39 ஓட்டங்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஒன்பது ஆட்டங்களின் மொத்த ஓட்டம் 68 என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. முதல் ஆட்டத்தைக் கழித்தால் மீதி எட்டுக்கு 29. ஆக, பார்ட்டியை இரண்டு ஆட்டங்களில் சம உயரம் தொட்டவர் என்று சொல்வது மிகை. அவருக்குக் கிரிக்கெட் கொடுத்தது வேறு: தனியாக விமானம் ஏறி, தனியாகத் தோற்று, தனியாக விடுதி அறைக்குத் திரும்பிய ஒருத்திக்கு, தோற்றால் கூடவே தோற்கப் பத்துப் பேர் இருக்கும் ஓர் இடம்.

2016இல் டென்னிஸுக்குத் திரும்பியபோது, ஒற்றையர் தரவரிசையை ஏறத்தாழ அடியிலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் கோலாலம்பூரில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்து, முதல் பட்டத்தை வென்றார். 2019இல் பிரெஞ்சு ஓப்பன், அதே ஜூனில் உலகின் முதலிடம், 2021இல் விம்பிள்டன், 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன். மொத்தம் 121 வாரங்கள் முதலிடத்தில் இருந்துவிட்டு, 2022 மார்ச் 23 அன்று இருபத்தைந்து வயதில் ஓய்வை அறிவித்தார். இரண்டாவது முறை விலகியபோதும் அவருக்கு அச்சமில்லை. முதல் முறை விலகியபோதே உலகம் இடிந்துவிடவில்லை என்பதைப் பார்த்தவர் அவர்.

இந்த வழியின் சாதகம், சோர்ந்த மனத்துக்கு மருந்தாவது. பாதகம், திரும்பி வரும் இடம் காலியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லாதது. டென்னிஸில் தரவரிசை என்ற ஏணி எல்லோருக்கும் பொது. சிறிய போட்டிகளில் வென்றால் புள்ளி கிடைக்கும், யாரும் தடுக்க முடியாது. அணி ஆட்டத்தில் அப்படியில்லை. நீங்கள் விட்டுப்போன இடத்தில் வேறொருத்தி நிற்பாள், அவளை நகர்த்தும் உரிமை தேர்வுக்குழுவிடம் இருக்கும். பெர்ரி இரண்டாண்டு கால்பந்துக்குப் போய்விட்டு வந்திருந்தால் கிரிக்கெட் அணி அவருக்காகக் காத்திருந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே பார்ட்டியைக் காட்டி, அணி ஆட்டக்காரருக்கு இடைவெளி எடுக்கச் சொல்பவர்கள் பொருந்தாத ஒப்பீட்டைச் செய்கிறார்கள்.

மூன்றாவது வழி, இரண்டையும் விடாமல் பிடித்திருப்பது. இதற்கு எஸ்டர் லெடெட்ஸ்காவை விட்டால் பெயர் சொல்ல ஆளில்லை. 1995இல் பிராகில் பிறந்த செக் வீராங்கனை. தாத்தா யான் கிளாபாச் ஐஸ் ஹாக்கி வீரர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், பிப்ரவரி 17 அன்று, ஆல்பைன் பனிச்சறுக்கின் சூப்பர்-ஜி என்ற வேகப் பிரிவில் 26ஆவதாகக் கிளம்பினார். முதல் இருபது பேர் இறங்கி முடித்ததும் பதக்கம் முடிவாகிவிட்டது என்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சி ஆஸ்திரியாவின் அன்னா ஃபைட்டை வெற்றியாளராகச் சொல்லிவிட்டு வேறு போட்டிக்குப் போய்விட்டது. லெடெட்ஸ்கா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார். கீழே வந்து நின்று நேரப்பலகையைப் பார்த்தவர், யாரோ தவறாக எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்ததுபோல் அசையாமல் நின்றார். அவர் காலில் இருந்த சறுக்குக் கட்டைகள் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினுக்காகச் செய்யப்பட்டு மிச்சமிருந்தவை. செய்தியாளர் சந்திப்பில் கண்ணாடியைக் கழற்ற மறுத்தார். வெல்வோம் என்று எண்ணாததால் ஒப்பனை செய்துகொள்ளவில்லையாம். ஏழு நாள் கழித்து, தன் வழக்கமான ஆட்டமான, ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டில், இருவர் பக்கத்தில் பக்கத்தில் இறங்கும் இணை ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில், எதிர்பார்த்தபடியே தங்கம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் தங்கம் வென்ற முதல் பெண் அவர். 2022 பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டில் மீண்டும் தங்கம். மூன்று நாள் கழித்து நடந்த சூப்பர்-ஜியில் ஐந்தாமிடம்.

இவரால் முடிந்தது ஏன், பெர்ரியால் முடியாதது ஏன் என்று கேட்டுப் பார்த்தால் விடை அவ்வளவு மர்மமாக இல்லை. லெடெட்ஸ்காவின் இரண்டு ஆட்டங்களும் தனிநபர் ஆட்டங்கள். அவர் ஒரு வாரம் சறுக்குக்குப் போனால் ஸ்னோபோர்டில் யாருடைய தற்காப்பு வரிசையும் குலையாது. இழப்பு அவருடைய புள்ளிகளுக்கு மட்டுமே. ஆட்டங்களும் அண்டை வீடுகள்: இரண்டும் பனிச்சரிவு, இரண்டும் விளிம்பால் பனியை அரிந்து திரும்பும் கலை. இரண்டு தனித்தனிப் பயிற்சியாளர் குழுக்களை வைத்துக்கொள்ளும் வசதியும் குடும்பத் துணையும் அவருக்கு இருந்தன. இத்தனையும் இருந்தும் நாட்காட்டி அவரையும் விடவில்லை. 2026 மிலான்-கோர்ட்டினா ஒலிம்பிக்கில் ஆல்பைன் சறுக்கின் மகளிர் டவுன்ஹில் பிரிவும் ஸ்னோபோர்டு இணை ஜயன்ட் ஸ்லாலமும் பிப்ரவரி 8 என்ற ஒரே நாளில், கோர்ட்டினாவிலும் லிவின்யோவிலுமாக வைக்கப்பட்டன. அவர் லிவின்யோவுக்குப் போனார்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவனைப் பற்றிய பழமொழி அது. இந்த மூவரும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு பருவத்திலும் வெட்டிக்கொண்டே இருந்தவர்கள். எனினும் ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. நாம் ஒப்பிடுவது வென்றவர்களை மட்டுமே. இரண்டு ஆட்டத்திலும் கால் வைத்து, இரண்டிலும் மாவட்ட அளவைத் தாண்டாமல் போனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பெர்ரி பதினாறு வயதில் இரண்டு தேசிய அணிகளில் இருந்தார். அவருக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்வது தவறு.

இந்த வரம்பை ஏற்றுக்கொண்டு, நான்கு வழிகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெர்ரியின் வழியையே சொல்வேன்: இருபதைத் தாண்டும்வரை இரண்டையும் ஆடுவது, மோதல் வந்தால் ஆட்டத்தை விடுவதற்கு முன், இடம் கொடுக்கும் வேறு கழகமோ பயிற்சியாளரோ உண்டா என்று தேடுவது, இரண்டில் ஒன்று சொந்தக் காலில் நிற்கும் வாழ்க்கையைத் தரத் தொடங்கும்போது மற்றதை ஆரவாரமின்றி இறக்கி வைப்பது. பெர்ரி ஒன்பது ஆண்டுகள் இரண்டையும் சுமந்தார், 2007 முதல் 2016 வரை. அது முடிவெடுக்கத் தெரியாத தயக்கம் என்று சிலர் அந்தக் காலத்தில் எழுதினார்கள். இரண்டு ஆட்டங்களிலும் அடுத்தடுத்து என்ன நடக்கிறது என்பதை உள்ளே இருந்தே பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்தப் பரிந்துரை மூன்று நிலைகளில் மாறும். இரண்டு ஆட்டங்களும் தனிநபர் ஆட்டங்களாக, ஒன்றுக்கொன்று நெருங்கியவையாக இருந்தால், லெடெட்ஸ்காவைப் போல விடாமல் பிடித்திருக்க முயலலாம். செலவைத் தாங்கும் கை வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளவயதிலேயே உச்சம் கேட்கும் ஆட்டம் ஒன்று இருந்தால், இருபது வயதுவரை பொறுப்பது அந்த ஆட்டத்தைக் கைவிடுவதற்குச் சமம்; அங்கே முன்கூட்டியே தேர்வதைத் தவிர வழியில்லை. ஆடுகிறவள் களைத்துப்போய், காலையில் பயிற்சிக்கு எழும்போதே முகம் வாடுகிறது என்றால், எதைத் தேர்வது என்று அவளிடம் கேட்பதே தவறான நேரத்தில் கேட்கும் கேள்வி. அப்போது முதலில் வேண்டியது, பார்ட்டி எடுத்துக்கொண்டது போன்ற ஓர் இடைவெளி.

எந்த நிலையானாலும், பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு ஆட்டங்களின் அடுத்த ஆண்டு அட்டவணைகளையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மோதும் நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பாருங்கள். பயிற்சி நாட்களையும் விடாமல் குறியுங்கள், ஆட்ட நாட்களை மட்டும் எண்ணினால் கணக்கு பொய் சொல்லும். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பயிற்சியாளர்களிடமும் தனித்தனியே போய், எந்தெந்த வட்டங்களை விட்டுக்கொடுப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பெர்ரிக்குக் கேன்பெராவில் ஒரு பதிலும் சிட்னியில் வேறொரு பதிலும் கிடைத்தன.